முக்கூர்த்தியின் கல்லும் கரிமண்ணும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவைப் பற்றி எழுதியிருந்தேன். வரையாட்டையும் குறிஞ்சிப் பூவையும் பற்றித்தான் கடிதங்கள் வரும் என்று நினைத்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை பாறையையும் மண்ணையும் பற்றியவை. கல்லூரியில் நிலவியல் கற்பித்தே தலை நரைத்தவள் நான். எனக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

அந்த இதழைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். முக்கூர்த்தி, நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில் 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் பூங்கா. 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இதுவும் ஒன்று. கிழக்கே ஊட்டிப் பக்கம். மேற்கே செங்குத்தாக இறங்கினால் கேரளத்து நிலம்பூர். தென்மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கு. இனி உங்கள் கேள்விகள்.

இமயமலையைவிட நீலகிரி மிகப் பழையது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி எழுந்து, "பழைய மலை என்றால் தேய்ந்து குட்டையாகியிருக்க வேண்டுமே டீச்சர், இது எப்படி இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் நிற்கிறது?" என்று கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்வது அம்மா?
— பள்ளி ஆசிரியை, ஈரோடு

அந்தப் பெண்ணை முதலில் என் சார்பில் பாராட்டிவிடுங்கள். பாடப்புத்தகங்கள் போட்டுக் குழப்பும் இடத்தில் சரியாகக் கை வைத்திருக்கிறாள்.

ஒரு மலைக்கு இரண்டு வயது உண்டு. கல்லின் வயது ஒன்று, மேட்டின் வயது வேறு. முக்கூர்த்திச் சிகரம் 2,554 மீட்டர். பூங்காவின் உச்சியான கோலாரிபெட்டா 2,630 மீட்டர். அங்கே காலடியில் கிடக்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அப்போது அது மலையாக இல்லை. தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அழுந்திக் கிடந்தது. இன்று அதன் மேல் வெயில் அடிக்கிறது என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கரைந்து ஆறுகளோடு போய்விட்டது என்று பொருள். மேலிருக்கும் பாரம் குறையக் குறைய, அடியில் இருப்பது மெல்ல எழும்பும். பூமியின் மேலோடு கீழே உள்ள குழைவான பாறையின் மேல் மிதப்பதால் இப்படி நடக்கிறது. எனவே தேய்மானம் மலையைக் குட்டையாக்குவதோடு நிற்பதில்லை. அடியில் இருக்கும் கல்லை மேலே வரவழைப்பதும் அதே தேய்மானம்தான்.

இமயமலையின் கதை முற்றிலும் வேறு. இந்திய நிலத்தட்டு ஆசியாவின் மேல் மோதியதால் மடிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் எழுந்த மலை அது. மோதல் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. நீலகிரி மடிந்து எழவில்லை. அது ஒரு பெரும் பாறைக் கட்டை. வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கும் தென்கிழக்கே பவானிப் பள்ளத்தாக்கும் அதன் ஓரங்கள். மிகப் பழங்காலத்தில் பூமிக்குள் பாறைகள் நசுங்கி நழுவிய வடுக்களின் வழியே அந்த இரண்டு பள்ளத்தாக்குகளும் செல்கின்றன. நசுங்கிய பாறையை ஆறு எளிதில் அரிக்கும். நடுவில் நசுங்காமல் திரண்டு நின்ற கல்லை அரிப்பது கடினம். மேற்கு விளிம்பின் கதை இன்னொன்று. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்கு ஓரத்திலிருந்து மடகாஸ்கர் பிரிந்து போனது. உடைந்த அந்த ஓரம் அன்றிலிருந்து அரித்து அரித்துக் கிழக்கு நோக்கிப் பின்வாங்கி வந்ததுதான் இன்று நாம் பார்க்கும் மேற்குச் சரிவு. முக்கூர்த்தி விளிம்பில் நின்றால் நிலம்பூர்ச் சமவெளிவரை 2,000 மீட்டருக்கும் மேலான இறக்கம்.

வகுப்பில் காட்டுவதற்கு ஒரு சான்று தருகிறேன். பீடபூமியின் மேல்பகுதிப் படத்தையும் மேற்கு விளிம்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலே எல்லாம் மெத்தென்று உருண்ட புல்மேடுகள், அவசரமில்லாத ஓடைகள், சில இடங்களில் செம்புரைக்கல். தாழ்ந்த, சமமான நிலத்தில் நெடுங்காலம் மழை பெய்து ஊறினால் உருவாகும் தோற்றம் இது. விளிம்பிலோ நேர்செங்குத்து. வயதான ஒரு நிலப்பரப்பு அப்படியே உயரத்துக்குப் போய், அதன் ஓரங்களை மட்டும் ஆறுகள் கடித்துக்கொண்டிருக்கின்றன. மாணவியின் கேள்விக்கு இந்த இரண்டு படங்களிலேயே பாதி விடை இருக்கிறது.

நீலகிரியின் பாறை சார்னோக்கைட் என்று எழுதியிருந்தீர்கள். அதை எப்படி அடையாளம் காண்பது? ஊட்டிச் சாலையில் நான் பார்த்த பாறையெல்லாம் பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரிந்தது.
— இளநிலை நிலவியல் மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, நீங்கள் பார்த்தது பாறையின் தோலை. சார்னோக்கைட்டைப் புதிதாக உடைந்த முகத்தில்தான் பார்க்க வேண்டும். பூங்காவுக்குள் சுத்தியலை எடுக்கவே கூடாது. வெளியே சாலைக்காக வெட்டிய இடங்களில் உடைந்த துண்டுகள் கிடக்கும், அவை போதும்.

துண்டைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. வேறு பாறைகளில் வெண்மையாகவும் கண்ணாடியாகவும் தெரியும் குவார்ட்ஸ்கூட இதில் நீலம் பாய்ந்து இருண்டிருக்கும். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் பச்சையடித்திருக்கும். அவற்றுக்கு நடுவே பழுப்புக் கறுப்பாகத் தெரியும் சிறு மணிகள் பைராக்சீன். அதுவும் குறிப்பாக ஹைப்பர்ஸ்தீன் என்ற வகை. இந்தக் கனிமம் இருந்தால்தான் அது சார்னோக்கைட். பல துண்டுகளில் கடுகளவு, சிலவற்றில் மிளகளவு, செக்கச்செவேலென்று கார்னெட் மணிகளும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியே அந்தச் சிவப்பை முதன்முறை பார்க்கும் மாணவர்கள் லென்ஸைத் திருப்பித் தர மறுப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மலைக்குப் போக முடியாதவர்கள் சென்னையில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இதைப் பார்க்கலாம். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அதை வைத்துத்தான் 1893-இல் தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியலாளர் இதற்குப் பெயரிட்டார். பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. நம் வீடுகளின் கான்கிரீட்டில் போடும் கருங்கல் ஜல்லியிலும் இது ஏராளம்.

இப்போது அந்தப் பழுப்புத் தோலுக்கு வருகிறேன். என் பார்வையில் முக்கியமான செய்தி அதில்தான் இருக்கிறது. சார்னோக்கைட் ஒரு வறண்ட பாறை. அது உருவான ஆழத்தில் தண்ணீருக்கு ஏறக்குறைய இடமே இல்லை. அதன் முக்கியக் கனிமங்களின் அமைப்பிலும் தண்ணீர் கிடையாது. அப்படிப்பட்ட கல்லை நாட்டின் மிக ஈரமான வானங்களில் ஒன்றின் கீழ் கொண்டுவந்து வைத்திருக்கிறது இயற்கை. மழைநீர் விரிசல்களில் இறங்கி, ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. பைராக்சீனில் இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. பழுப்பு நிறம் அந்தத் துரு. விரிசல்கள் சந்திக்கும் மூலைகளை நீர் முதலில் தின்பதால், கட்டம் கட்டமாக இருந்த பாறை உருண்டையாகி, வெங்காயம்போல அடுக்கடுக்காக உரியும். சாலை வெட்டில் சிவந்த மண்ணுக்கு நடுவே உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை யாரும் உருட்டிக் கொண்டுவந்து போடவில்லை. பிறந்த இடத்திலேயே இருக்கின்றன. சுற்றியிருந்த கல் மட்டும் மண்ணாகிவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது பள்ளியிலிருந்தே எங்களை மலைக்கு அழைத்துப்போய் மரக்கன்று நடச் செய்தார்கள். வெட்டவெளியாகக் கிடக்கும் புல்மேட்டில் மரம் வைத்தால் மழை பெருகும், மண் நிற்கும் என்றார்கள். இப்போது அதே மரங்களை அகற்ற வேண்டும் என்று எழுதுகிறீர்கள். எது சரி?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், உதகமண்டலம்

ஐயா, உங்கள் கேள்வியில் ஒரு வருத்தம் தெரிகிறது. நல்லெண்ணத்தோடு நட்ட கைகளைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் நடச் சொன்னவர்கள் ஒன்றை அறியாமல் சொன்னார்கள். அந்தப் புல்மேடு வெட்டவெளி அல்ல. காடு அழிந்து மிஞ்சிய இடமும் அல்ல.

இதற்கான சாட்சி முக்கூர்த்திப் பக்கத்துச் சதுப்புகளில் இருக்கிறது. இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஓடை அறுத்த கரையைப் பாருங்கள். மேலே கோரைப்புல்லின் பின்னிய வேர். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று கரிமண். நிலவியலில் பீட் என்போம். பாதி மட்கியும் மட்காமலும் இருக்கும் செடிகொடிகள்தான் அது. ஒரு பிடியை எடுத்து அழுத்தினால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டும், கையில் நார் மிஞ்சும். அதற்கும் கீழே சாம்பல் நிறக் களிமண். அதன் அடியில், கல்லின் வரிகள் இன்னும் அழியாமல், ஆனால் விரலால் குத்தினால் உதிர்ந்துவிடும் பாறை. குளிரும் புளிப்பும் தேங்கிய நீரும் சேர்ந்து மட்கவிடாமல் தடுப்பதால், ஆண்டுதோறும் வளர்ந்து மடிந்தவை எல்லாம் அடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு உரிய பதிவு உங்கள் முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடலாம்.

அந்த அடுக்குகளைப் படிக்க வழி உண்டு. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறை வேறு வேறு. அந்தப் புற்களில் கார்பன்-13 என்னும் சற்றுக் கனமான கார்பன் கூடுதலாகத் தங்கும். செடி மடிந்து எத்தனை ஆயிரம் ஆண்டு ஆனாலும் அந்த விகிதம் கரிமண்ணில் இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரோடு பணியாற்றியவர்களும் நீலகிரிக் கரிமண்ணை இந்த முறையில் ஆராய்ந்து 1993-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் வடபகுதியைப் பனி மூடியிருந்த வறண்ட காலத்தில், நீலகிரியில் புல்தான் ஓங்கியிருந்தது. பருவமழை வலுத்த பிறகு, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், மரவகைச் செடிகள் பெருகின. பின்னர் மீண்டும் புல் கூடியது. மலையில் உழவும் கால்நடையும் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. கோடரியும் தீயும் உண்டாக்கியது அல்ல அது.

மரம் ஏன் எல்லா இடத்திலும் வளரவில்லை என்று கேட்பீர்கள். சோலைக்காடு மலையின் மடிப்புகளில், காற்று படாத ஈரமான பள்ளங்களில் இருக்கிறது. குளிர்காலத்தில் திறந்தவெளியில் உறைபனி விழும் இரவுகள் சோலை மரத்தின் நாற்றைக் கருக்கிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் உயிர் தரையோடு ஒட்டி இருக்கிறது. இப்படிச் சோலையும் புல்லும் மாறி மாறிப் பங்கிட்டுக்கொண்ட நிலம் அது.

அதன் மேல் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை எனப்படும் வாட்டில் மரமும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் வந்தன. ஐரோப்பாவிலிருந்து மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முள்ளும் ஸ்காட்ச் புரூமும் வந்தன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும் ரேயானுக்கு மரக்கூழும் தேவைப்பட்டதால் அரசே புல்வெளிகளில் தோட்டம் போட்டது. உறைபனியைச் சீகை எளிதாகத் தாங்கிக்கொள்கிறது. அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் மண்ணில் நைட்ரஜனை ஏற்றுகிறது. ஏழை மண்ணுக்கே பழகிய உள்ளூர்ப் புல்லுக்கு அது நன்மை அல்ல. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் திரளாக முளைக்கும். நிழல் விழுந்த இடத்தில் புல் மடிந்து, சதுப்பின் ஓரங்கள் காய்ந்தால், கரிமண்ணுக்குள் காற்று புகும். காற்றுப் புகுந்த கரிமண் மட்கிப் போகும். 20,000 ஆண்டுகளாகச் சேர்ந்தது ஒரு தலைமுறைக்குள் காணாமல் போவதற்கு அது போதும். பாறையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது 250 கோடி ஆண்டு தாங்கியது. அதன் மேல் இருக்கும் அந்தக் கறுப்பு அடுக்கை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆகவே எது சரி என்ற கேள்விக்கு நேரான பதில்: புல்மேட்டில் மரம் வைத்தது தவறான இடத்தில் செய்த நல்ல காரியம். மரம் நடும் ஆசை இன்னும் இருந்தால் அழிந்த சோலையின் ஓரத்தில், சோலைக்கே உரிய மரங்களை நடும் பணியில் சேர்ந்துகொள்ளுங்கள். நாவல் இனத்து மரங்களும் செம்பூ பூக்கும் நீலகிரி ரோடோடென்ட்ரானும் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

நான் கோபிப் பக்கம் வாய்க்கால் பாசன விவசாயி. முக்கூர்த்திக்கும் என் வயலுக்கும் என்ன தொடர்பு?
— கோபிசெட்டிபாளையம்

நேரடித் தொடர்பு. பவானி ஆறு, பூங்காவின் தென்பகுதியை ஒட்டிய மேல்பவானி மலைகளில் பிறக்கிறது. முக்கூர்த்திச் சிகரத்தருகே பிறக்கும் பைக்காரா ஆறு வடக்கே இறங்கி மோயாறாகிறது. இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. உங்கள் வாய்க்காலுக்கு மலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் அனுப்புகின்றன.

மழை பெய்யும் நாளில் ஆறு ஓடுவதில் வியப்பு இல்லை. மாசியிலும் பங்குனியிலும் ஓடை வற்றாமல் கசிகிறதே, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? சார்னோக்கைட் ஒரு சொட்டுத் தண்ணீரையும் தனக்குள் வைத்துக்கொள்ளாது. நீர் நிற்பது அதன் மேலிருக்கும் உதிர்ந்த பாறையிலும், களிமண்ணிலும், மேலே சொன்ன கரிமண்ணிலும், புல்லின் வேரடியிலும்தான். சில இடங்களில் அந்த மேல்போர்வை பல மீட்டர் ஆழம்; சில இடங்களில் ஒரு சாண். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியதும், 1938-இல் முக்கூர்த்தி அணை கட்டியதும் அந்தப் போர்வை தேக்கித் தரும் தண்ணீரை நம்பித்தான். சரிவு அரித்தால் வண்டல் வந்து அணையில் படியும். கோடையில் வருவதும் குறையும்.

2009-இல் எங்கள் பக்கம் நடந்த மண்சரிவுகளை இன்னும் மறக்க முடியவில்லை. பூங்காவைப் பாதுகாப்பதால் சரிவு நின்றுவிடுமா?
— குன்னூர் வாசகி

நின்றுவிடும் என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன் அம்மா. நீலகிரியில் 1978, 1979, 1993, 2009 என்று பெருஞ்சரிவுகள் வந்த ஆண்டுகளைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம், வடகிழக்குப் பருவமழையின்போது நடந்தவை. மேற்கே முக்கூர்த்தி, அவலாஞ்சிப் பக்கத்தைத் தாக்குவது தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழையில் மனிதர் கால்படாத சரிவிலும் மண் வழுக்கும்.

வழுக்குவது எப்படி என்று சொல்கிறேன். பாறை மண்ணாகிப்போன மேல்போர்வைக்கும் அடியில் உள்ள திடமான கல்லுக்கும் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. மழைநீர் அதுவரை இறங்கும், அதற்கு மேல் போக வழியில்லாமல் தேங்கும். தேங்கிய நீர் மண் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தூக்கும். போர்வை பாரமாகவும் ஆகிறது, பிடிப்பும் தளர்கிறது. அப்போது சரிவின் அடிவாரத்தைச் சாலைக்கோ கட்டடத்துக்கோ வெட்டியிருந்தால், அல்லது ஓடை வழியைத் தூர்த்திருந்தால், மேலே இருப்பதைத் தாங்க ஆள் இல்லை.

பூங்காவில் அடிவாரத்தை வெட்டுவதில்லை, ஓடையைத் தூர்ப்பதில்லை. அங்கே சரியும் மண் யார் வீட்டின் மேலும் விழுவதில்லை. வெட்டாத சரிவு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அதுவே நமக்கு மிஞ்சியிருக்கும் நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் பக்கத்துக்கு என் யோசனை வேறு: வீட்டின் பின்சரிவில் புதிய விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழை ஓயக் காத்திராமல் அன்றே வெளியேறிவிடுங்கள்.

மலைப் பூங்கா ஒன்றுக்குப் போயிருந்தபோது என் மகன் அழகான ஒரு கல்லை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். காவலர் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். குழந்தை அழுதுவிட்டது. ஒரு கல்லுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா?
— ஒரு தாய், திருச்சி

குழந்தையின் கண்ணீர் எனக்குப் புரிகிறது. ஆனால் காவலர் சரியாகவே செய்தார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி, தேசியப் பூங்காவிலிருந்து வன விளைபொருள் எதையும் அனுமதி இல்லாமல் அகற்றக் கூடாது. வன விளைபொருள் என்றால் தேனும் கட்டையும் மட்டும் அல்ல. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் தரும் பட்டியலில் கரிமண், மேல்மண், பாறை, கனிமம் ஆகியவை வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பூங்காவுக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் திருப்பவோ நிறுத்தவோ கூடாது என்பதும் அதே 35-ஆவது பிரிவில் உள்ளது. நம் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரிகள் அவை. கல்லையும் கரிமண்ணையும் நீரோட்டத்தையும் புலியோடு சேர்த்து ஒரே காவலின் கீழ் வைத்திருக்கிறது சட்டம்.

ஒரு கல்லால் என்ன ஆகிவிடும் என்றால், ஓடைக்கல்லின் அடியில் தவளை முட்டையும் பூச்சிகளும் இருக்கின்றன. சரிவில் கிடக்கும் கல் தனக்கு மேலே உள்ள மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மகனுக்கு ஒரு கைலென்ஸ் வாங்கிக் கொடுங்கள். கல்லை எடுக்காமல் குனிந்து பார்க்கட்டும், பார்த்ததை வரையட்டும். பிறகு வீட்டருகே கட்டட வேலைக்குக் கொட்டிய ஜல்லிக் குவியலில், கேட்டுவிட்டு, ஒரு துண்டை எடுத்துத் தேடச் சொல்லுங்கள். கார்னெட் அகப்பட்டால் எனக்கு எழுதுங்கள்.

வரையாட்டுக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம்? புல் தின்னும் விலங்குக்குப் புல்வெளி போதாதா?
— பொறியாளர், சென்னை

போதாது. வரையாட்டுக்கு மேய்ச்சலும் வேண்டும், அதன் பக்கத்திலேயே பாறைச் செங்குத்தும் வேண்டும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அது ஓடுவது பாறை முகத்துக்குத்தான். குட்டி ஈனுவதும் இரவில் தங்குவதும் அங்கேதான். பீடபூமியின் விளிம்பில் இரண்டும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால்தான் முக்கூர்த்தி அதற்கு ஏற்ற வீடு. சீகை பரவிப் புல்வெளி பாறையை விட்டு விலகிப் போனால், செங்குத்து அப்படியே இருந்தும் வரையாட்டுக்குப் பயன் இல்லை. நம் மாநில விலங்கு அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். 2024-இல் தமிழகம் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 என்று மதிப்பிட்டார்கள்.

முக்கூர்த்திச் சிகரத்தில் ஏற அனுமதி கிடைக்குமா?
— பெயர் குறிப்பிடாத வாசகர்

வனத்துறையைக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: அது தோடர் மக்கள் புனிதமாகக் கருதும் சிகரம். அவர்களுடைய கோயில்களின் கூரை வேய்வதற்குரிய புல்லும் நான் மேலே எழுதிய சதுப்புகளில் வளர்வதுதான். ஏறிப் பார்க்க முடியவில்லையே என்ற குறையோடு இருக்க வேண்டாம். பீடபூமியின் வேறு மேடுகளிலிருந்தும் அதன் சாய்ந்த மூக்கு போன்ற முகடு நன்றாகத் தெரியும்.

எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அந்நியச் செடிகளை அகற்ற உதவ விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
— பேராசிரியர், திருப்பூர்

முதலில் நீலகிரி வனக் கோட்டத்துக்கு எழுதி, அவர்கள் காட்டும் இடத்தில், அவர்கள் சொல்லும் செடியை மட்டும் தொடுங்கள். புரூம் போன்ற புதர்களை இளஞ்செடியாக இருக்கும்போது வேரோடு பிடுங்குவது எளிது. நன்றாக வேர்விட்ட சீகையைச் செங்குத்தான சரிவில் வேரோடு தோண்டினால் மண்ணும் கூடவே வரும். அத்தகைய இடங்களில் வெட்டி, வேரை விட்டுவிட்டு, துளிர்ப்பதைத் தொடர்ந்து கிள்ளுவதே நல்லது. சதுப்பில் கும்பலாக இறங்காதீர்கள். மிதிபட்ட கரிமண் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் ஆகும்.

ஒரே ஒரு முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதாக இருந்தால் வர வேண்டாம் என்றே சொல்வேன். விதை மண்ணுக்குள் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அடுத்த மழைக்கே முளைக்கும். ஒரே இடத்தைத் தத்தெடுத்து, ஆண்டுதோறும் புதிய மாணவர்களோடு திரும்பி வரும் ஏற்பாட்டைக் கல்லூரி நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பிடுங்கிய செடியில் காய் இருந்தால் சாலையோரத்தில் போடாதீர்கள். வனத்துறை காட்டும் இடத்தில் சேருங்கள். மலை ஏறும் முன்பும் இறங்கும்போதும் எல்லாருடைய காலணி அடிப்பாகத்தையும் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். சேற்றோடு ஒட்டிக்கொண்டு விதைகள் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குப் போவது அப்படித்தான்.